இலையைத் திருப்பிப் பாருங்கள்

"தெரியாது" என்ற சொல் என் வாயில் லேசில் வராது. மகள் ஏதாவது செடியைக் காட்டி, "அப்பா, இது என்ன பூ?" என்று கேட்டால், நிறத்தைப் பார்த்து ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிடுவேன். தெரியாது என்பது தகப்பனுக்குக் கௌரவக் குறைச்சல் என்று நினைத்த ஆள் நான். அந்தக் கௌரவத்தைக் கழற்றி வைக்கக் கற்றுக்கொடுத்தது, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து மலைவெளிகளிலும் காட்டுத் தீ எரித்த இடங்களிலும் தானாக வளரும் ஒரு செடி. ஃபயர்வீட் என்பார்கள். தாவரவியல் பெயர் சாமனேரியன் அங்குஸ்டிஃபோலியம். அந்த மண்ணுக்கு அயலானது அல்ல; தண்டு குளிரில் பட்டுப்போனாலும் வேர் பல ஆண்டு உயிரோடிருக்கும்.

சியாட்டல் பக்கம் கோடை வந்தால் மலைப்பாதை ஓரமெல்லாம் ஆளுயரத்துக்கு இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூக்கதிர்கள் நிற்கும். ஏரிக்கரைகளிலும் ஏறக்குறைய அதே உயரம், அதே நிறம். ஒருமுறை ஏரிக்கரையில் களை பிடுங்கும் தன்னார்வக் கூட்டத்தோடு போயிருந்தேன். எங்களை வழிநடத்தியவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. "பிடுங்குவதற்கு முன்னால் தண்டை விரலால் தடவிப் பாருங்கள்" என்றார். அங்கே பிடுங்க வேண்டியது பர்ப்பிள் லூஸ்ஸ்டிரைஃப் என்ற அயல் செடி. ஐரோப்பாவிலிருந்து வந்து ஈரநிலங்களை அடைத்துக்கொள்வது. அதன் தண்டு பெரும்பாலும் சதுரமாக இருக்கும். இலைகள் எதிரெதிராக அமையும். பூவுக்குப் பெரும்பாலும் ஆறு இதழ். ஃபயர்வீட்டின் தண்டோ உருண்டை. இலைகள் மாற்றி மாற்றி ஏறும். இதழ் நான்குதான். தூரத்தில் நின்றால் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்வது கடினம். விரல் பட்டால் உடனே தெரிந்துவிடும்.

பிறகு அவர் ஒரு ஃபயர்வீட் இலையைக் கிள்ளித் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். நடு நரம்பிலிருந்து கிளம்பிய பக்க நரம்புகள் இலையின் விளிம்பைத் தொடவே இல்லை. விளிம்புக்குச் சற்று உள்ளேயே வளைந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, ஓரத்தை ஒட்டி ஒரு கோடுபோல ஓடின. பூவே இல்லாத பருவத்திலும் கைகொடுக்கும் அடையாளம் இது. இதன் இளந்தளிரைச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. மரம் வெட்டிய வெளிகளில் இதே பக்கத்தில் ஃபாக்ஸ்குளோவ் செடியும் முளைக்கும். அதன் இலை இதயத் துடிப்பையே குலைக்கும் நஞ்சு. பூக்கும்வரை காத்திருந்து பெயர் சொல்கிற பழக்கம் அங்கே உதவாது.

பூவைக் கிட்டத்தில் பார்த்தபோது எனக்கு நம்மூர் வயல் வரப்பில் மஞ்சளாகப் பூக்கும் நீர்க்கிராம்பு ஞாபகம் வந்தது. அதற்கும் நான்கு இதழ். இதழ்களுக்குக் கீழே காம்புபோல நீண்ட சூலகம். இரண்டும் ஒரே குடும்பம் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். கடல் கடந்து வந்து ஒரு சொந்தக்காரரைக் கண்டதுபோல இருந்தது.

ஃபயர்வீட்டின் கதிர் கீழிருந்து மேலாகப் பூக்கும். அடியில் காய், நடுவில் பூ, நுனியில் மொட்டு என்று எல்லாம் ஒரே தண்டில் இருக்கும். விரிந்த புதிதில் பூவின் எட்டு மகரந்தத் தாள்கள் மட்டும் வேலை செய்யும். சூல்தண்டு கீழே மடிந்து கிடக்கும். அவை ஓய்ந்த பிறகே அது நிமிர்ந்து, நுனி நான்காகப் பிரியும். வண்டு கீழ்ப் பூவில் தொடங்கி மேலே ஏறும். மேல்பூக்களின் மகரந்தத்தோடு கிளம்பி அடுத்த செடியின் கீழ்ப்பூவில் போய் இறங்கும். ஜெர்மானியரான கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்பிரெங்கல் 1793-இல் வெளியிட்ட நூலில் இந்த ஏற்பாட்டை விவரித்திருக்கிறார். நானோ அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டதோடு சரி.

அதே மாநிலத்தில்தான் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை இருக்கிறது. 1980 மே 18 அன்று அது வெடித்ததில் 57 பேர் இறந்தார்கள். மலையின் உச்சியில் சுமார் 400 மீட்டர் காணாமல் போனது. சாம்பல் மூடிய அந்தச் சரிவுகளில் சீக்கிரமே தலைகாட்டிய செடிகளில் ஃபயர்வீட்டும் ஒன்று. இதை நம்பிக்கையின் சின்னம் என்று எழுதுவது சுலபம். நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். உண்மையில் அதனிடம் இருப்பது மண்ணுக்கடியில் கிடைமட்டமாக ஓடும் வேர். மேலே எல்லாம் கருகினாலும் அதிலிருந்து தளிர் கிளம்பும். ஒரு செடி 80,000 விதைவரை தரக்கூடும். ஒவ்வொன்றுக்கும் பட்டு இழைபோன்ற வெண்மயிர் இருப்பதால் காற்று எங்கும் கொண்டுபோகும். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த லண்டன் இடிபாடுகளிலும் இதே செடி மண்டியது. மரங்கள் வளர்ந்து நிழல் விழத் தொடங்கினால் இது ஒதுங்கிவிடும்.

இப்போதெல்லாம் மகள் கேட்டால், "தெரியலம்மா, கிட்டப் போய்ப் பார்ப்போமா?" என்கிறேன். பெரும்பாலும் அவள்தான் முதலில் கண்டுபிடிக்கிறாள். கைபேசிச் செயலி ஒரு நொடியில் பெயரைச் சொல்லிவிடும். ஏன் அந்தப் பெயர் என்பதை நம் கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நீங்கள் எந்த ஊர் மலையில் நடந்தாலும் சரி. தண்டு உருண்டையா சதுரமா, இலை எதிரெதிரா மாற்றடுக்கா, நரம்பு எதுவரை ஓடுகிறது, இதழ் எத்தனை என்று பாருங்கள். நான்கையும் பார்த்த பிறகு பெயர் சொல்லுங்கள். அதுவரை எதையும் பிடுங்க வேண்டாம், வாயிலும் வைக்க வேண்டாம்.