முதலைப் பண்ணையில் ஒரு மே மாதம்

பி.காம். இரண்டாம் ஆண்டுப் பரீட்சை முடிந்ததும் வகுப்பில் பாதிப் பேர் ஆடிட்டர் ஆபீஸ்களில் வவுச்சர் அடுக்கப் போய்விட்டார்கள். ஒருத்தி மட்டும் முதலைப் பண்ணைக்குப் போனாள். "முதலீடு படிக்கிறவளுக்கு முதலை எதுக்கு?" என்று கேட்காத ஆளே கிடையாது. (அப்பா கேட்கவில்லை. அவர் ஒரு வாரம் பேசவே இல்லை.)

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வடநெம்மேலி. இந்திய முதலைகள் அருகிக்கொண்டு வந்த காலத்தில், அவற்றைப் பெருக்கிக் காப்பாற்றுவதற்காக ராமுலஸ் விட்டேக்கர் 1976-ல் ஆரம்பித்த பண்ணை அங்கேதான் இருக்கிறது. அவளுக்குக் கிடைத்த வேலை முதலைகளோடு இல்லை, முதலை பார்க்க வரும் மனிதர்களோடு. விளக்கம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? மே மாதக் கூட்டத்தில் நின்று பார்த்தால் தெரியும். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இது நிஜமா, பொம்மையா?" அடுத்து, அசைகிறதா என்று பார்க்கக் கையில் இருப்பதெல்லாம் பறக்கும். பாட்டில் மூடி, பாப்கார்ன், சின்னக் கல். அவள் பொறுமையாகச் சொல்வாள்: முதலைக்கு உடம்புச் சூடு வெயிலிலிருந்துதான் கிடைக்கிறது, சும்மா கிடப்பதால்தான் கொஞ்சம் தின்று பல நாள் ஓட்டுகிறது, வாயைப் பிளந்திருப்பது கோபத்தால் இல்லை, சூடு தணிக்க. பத்து நாளில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுமளவுக்கு மனப்பாடம்.

பண்ணைக்கு உள்ளேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்து, பாம்புத் தோல் வியாபாரமும் நின்றுபோன பிறகு, பாம்பு பிடித்துப் பிழைத்தவர்களுக்காக 1978-ல் தொடங்கியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலு வகைப் பாம்பிலிருந்து விஷம் எடுத்து, கடிக்கு மருந்து தயாரிக்கக் கொடுக்கிறார்கள். பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். 2023-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்ததே, அந்த வித்தைக்குத்தான்.

அந்தக் கூண்டுப் பக்கமும் அவளைப் பேசச் சொன்னார்கள். அவள் தயார் செய்திருந்த முதல் வரி: "பாம்பு விவசாயியின் நண்பன்." எலியைத் தின்கிறது, ஆகவே அடிக்காதீர்கள். நல்ல கைதட்டல் வந்தது.

மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, திண்டிவனம் பக்கத்திலிருந்து பேரப்பிள்ளைகளோடு வந்த ஒரு பெரியவர் கடைசி வரை கை தட்டவில்லை. கூட்டம் கலைந்ததும் கிட்டே வந்தார்.

"நண்பன்னு சொல்றியேம்மா. என் வீட்டுக்காரி பாய்ல படுத்திருந்தா. கடிச்சதுகூடத் தெரியல. வயித்து வலின்னா. காலையில பாய்க்கடியில பாம்பு இருந்தது. மந்திரிக்கத் தூக்கிட்டுப் போனோம்."

அவளுக்கு வாய் வரவில்லை. எலிக் கணக்கை அவரிடம் சொல்ல முடியுமா?

உள்ளே சட்டியை எடுத்து வைத்துக்கொண்டிருந்த இருளர் அண்ணன்தான் பேசினார். "இமை தொங்கிச்சா?" பெரியவர் தலையாட்டினார். "கட்டுவிரியன். ராத்திரியிலதான் வரும். கடிச்ச தடம்கூட சரியாத் தெரியாது."

"இந்த மருந்து கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில கெடைக்குமா?"

"கெடைக்கும்யா."

"அப்ப நேரா அங்க போயிருந்தா…" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. பேரன் ஐஸ்க்ரீம் கேட்டு வேட்டியைப் பிடித்து இழுத்தான். போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அண்ணன் அவளிடம் சொன்னது: "நண்பன்னு சொல்லாதம்மா. அது யாருக்கும் நண்பன் இல்ல. அது பாட்டுக்கு அது இருக்கு."

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. வருடத்துக்கு ஏறக்குறைய 58,000. பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். "அடிக்காதீர்கள்" என்று நாம் யாரிடம் சொல்கிறோமோ, அதே ஜனங்கள்.

காஸ்ட் அக்கவுண்டிங் நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவள் பேச்சை மறுபடி எழுதினாள். எலி கடைசிக்குப் போனது. முதலில் வந்தது, கடித்தால் என்ன செய்வது. கயிறு கட்டாதே, கீறாதே, வாயால் உறிஞ்சாதே. கடிபட்டவரை நடக்கவிடாதே, கை காலை அசைக்காமல் வைத்து, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. இரவில் டார்ச் இல்லாமல் நடக்காதே. தரையில் படுத்தால் கொசுவலை கட்டி, ஓரத்தைப் பாய்க்கடியில் செருகு. இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான், "இப்போ பாம்பைப் பத்திப் பேசலாமா?" என்று கேட்பாள். கைதட்டல் குறைந்துவிட்டது. கேள்விகள் கூடிவிட்டன. டார்ச் எந்தக் கடையில் நல்லதாகக் கிடைக்கும் என்றுகூட ஓர் அம்மா கேட்டார்.

உதவித்தொகை என்று கையில் வந்தது பெரிய தொகை இல்லை. அதில் ஒரு கொசுவலை வாங்கிக்கொண்டு பாட்டி ஊருக்குப் போனாள். திண்ணையில் வலையைக் கட்டி, நாலு பக்கமும் பாய்க்கடியில் செருகிவிட்டாள். காற்றே வரவில்லை என்று பாட்டி விடிய விடியத் திட்டிக்கொண்டிருந்தாளாம்.