ஊரின் இரைப்பை

நெற்பயிர் ஒன்றே, அதனை உண்போர் இருவர். மணி மனிதனுக்கு, வைக்கோல் மாட்டுக்கு. கல்முனைக்கு மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம்வரை விரிந்து கிடக்கும் வட்டைகளில் போகந்தோறும் நடைபெற்றுவரும் இப்பங்கீடு எவரும் எழுதி வைத்த உடன்படிக்கையின் பயனன்று. இருவேறு வயிறுகளின் அமைப்பினால் விளைந்தது. இரசாயன நோக்கிற் பார்க்குமிடத்து இது வியப்புக்குரிய செய்தியாகும். அரிசியிலுள்ள மாப்பொருளும் வைக்கோலிலுள்ள செலுலோசும் குளுக்கோசு என்னும் ஒரே வெல்லத்தின் மூலக்கூறுகள் கோவையாக இணைவதனால் உண்டானவை. கோவையின் மணிகள் ஒன்றே. மணியோடு மணி பிணையும் முறையிலே மட்டுமே வேறுபாடு. அந்தச் சிறு வேறுபாடுதான் ஒன்றைச் சோறாக்கி, மற்றையதை மனிதன் வாயில் வைக்கவும் விரும்பாத பொருளாக்கிவிட்டது.

மனித வயிற்றின் வேலை ஒப்பளவில் எளியது. சோற்றுக் கவளம் வாயிலிருக்கும் போதே உமிழ்நீரின் நொதியம் மாப்பொருட் கோவையை அறுக்கத் தொடங்குகிறது. இரைப்பையின் அமிலத்தில் மீனின் புரதம் இளகுகிறது. ஏறத்தாழ 6 மீற்றர் நீளமான சிறுகுடலில், சதையியின் சுரப்புக்கள் எஞ்சிய வேலையை முடிக்க, சடைமுளைகள் வழியாகப் போசணைப் பதார்த்தங்கள் குருதியிற் கலக்கின்றன. செலுலோசை அறுக்கும் நொதியம் மட்டும் மனிதனிடம் இல்லை. பெருங்குடலில் வாழும் பற்றீரியாக்கள் நார்ப்பொருளிற் சிறிதளவைப் பதப்படுத்திக் கொடுக்கின்றன, மீதி வெளியேறுகிறது. சில மணி நேரத்தில் இரைப்பை வெறுமையாகிவிடும். நோன்பு மாதத்தில் இக்கரையோர ஊர்களில் ஸஹருக்கு உண்டவர் மஃரிப் வரையிற் பதின்மூன்று பதினான்கு மணி நேரம் பசித்திருக்க முடிவது, ஈரல் தன்னிடம் சேமித்து வைத்த கிளைக்கோசனையும் உடலின் கொழுப்பையும் எடுத்துச் செலவு செய்வதனாலேயே. பள்ளிவாசற் கஞ்சியின் முதல் மிடறு உட்சென்றதும் மீண்டும் வரவு தொடங்குகிறது.

மாட்டின் வயிறு இவ்வாறு வெறுமையாவதில்லை. அதனை ஒரு வயிறு என்பதிலும் ஒரு குடியிருப்பு என்பதே பொருந்தும். நான்கு அறைகளுள் முதலாவதும் பெரியதுமான அறை, வளர்ந்த மாட்டில் நூறு லீற்றருக்கும் மேற்பட்ட கொள்ளளவு உடையது. காற்றில்லாத, இளஞ்சூடான அந்த இருட்டிலே கோடானுகோடி நுண்ணங்கிகள் வாழ்கின்றன. செலுலோசை அறுக்கும் ஆற்றல் மாட்டுக்கு இல்லை, இவற்றுக்கே உண்டு. மாடு வைக்கோலை அரைகுறையாக மென்று விழுங்கி, பின்னர் நிழலிற் படுத்து, விழுங்கியதை மீட்டெடுத்து அசைபோடுகிறது. நாளொன்றில் ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை இவ்வேலைக்கே கழிகிறது. நுண்ணங்கிகள் நாரை நொதிக்கச் செய்து விடும் அமிலங்களை அறையின் சுவர் உறிஞ்சிக்கொள்ள, அதுவே மாட்டின் சக்தியாகிறது. அதனோடும் முடிவதில்லை. பெருகிப் பெருகி அடுத்த அறைகளுக்கு அடித்துச் செல்லப்படும் நுண்ணங்கிகளே நான்காவது அறையிற் சமிபாடடைந்து மாட்டுக்குப் புரதமாகின்றன. மாடு புல்லைத் தின்கிறது என்று சொல்வது வழக்கம். புல்லைக் கொண்டு தன்னுள்ளே ஒரு பட்டியை வளர்த்து, அந்தப் பட்டியைத் தின்கிறது என்று சொன்னாலும் பிழையாகாது.

பிறந்த கன்றின் வயிற்றில் இக்குடியிருப்பு இல்லை. தாய் நக்குவதாலும், தாய் மேய்ந்த புல்லைத் தானும் கடிப்பதாலும் கன்று அதனைப் பெற்றுக்கொள்கிறது. பழைய தயிரில் ஒரு கரண்டி எடுத்துப் புதுப்பாலுக்கு உறையிடுவது போன்றதே இதுவும். இவ்வுவமை இக்கரையோரத்தாருக்கு விளக்கம் வேண்டாதது. எருமைத் தயிர்ச் சட்டி இல்லாத விருந்து இங்கு விருந்தாகாது. தாழ்ந்த தரப் புல்லையும் வைக்கோலையும் பயன்படுத்துவதில் எருமை பசுவிலும் வல்லது என்பர். அதன் பாலில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு கொழுப்புண்டு. மட்சட்டி மேல்நீரை உறிஞ்சிக்கொள்ள, பற்றீரியாக்கள் பாலின் வெல்லத்தை அமிலமாக்க, கத்தியால் வெட்டியெடுக்கலாம் போன்ற தயிர் கிடைக்கிறது. மனிதன் வாயில் வைக்குமுன்பே சமிபாட்டின் ஒரு பகுதி சட்டிக்குள் முடிந்துவிடுகிறது எனலாம். பட்டியின் சாணமோ வட்டைக்கு உரமாகத் திரும்பிச் செல்லும். நெல், வைக்கோல், எருமை, தயிர், சாணம், மீண்டும் நெல் என்ற இச்சுழற்சியில் வீணென்று எறியப்படுவது ஒன்றுமில்லை.

வீட்டு வளவும் முன்னாளில் இவ்வாறே இருந்தது. மீன் கழுவிய நீரும் செதிளும் தென்னையின் அடிக்குப் போயின. சோறு வடித்த கஞ்சியும் மரக்கறித் தோலும் ஆட்டுக்கு. சிந்திய பருக்கை கோழிக்கு. சந்தைக்குப் பன்பையோ ஓலைப்பையோ கொண்டு சென்றனர். பொதி கட்ட வாழையிலை உதவியது. அக்காலத்து மக்கள் சுற்றாடல் அறிவு மிக்கவர்கள் என்று புகழ்வது மிகையாகும். அவர்கள் எறிந்த ஒவ்வொன்றுக்கும் அதனைச் சமிக்கச்செய்ய ஒரு வயிறு எங்கோ காத்திருந்தது என்பதே உண்மை. ஊருக்கென்று ஓர் இரைப்பை இருந்தது. அது வளவெங்கும் பரந்து கிடந்தமையால் எவர் கண்ணுக்கும் படவில்லை.

கடலுக்கும் வயலுக்கும் இடையே நாடா போன்று ஒடுங்கிய இந்நிலப்பரப்பில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என ஊர்கள் நெருங்கி நிற்கின்றன. மக்கள் பெருக, வளவுகள் துண்டாகி, துண்டுகள் வீடுகளாயின. 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னர் கரையை ஒட்டி வாழ்ந்தோரும் உள்ளே ஒதுங்க நேர்ந்தமையால் நெருக்கம் மேலும் மிகுந்தது. ஆட்டுக்கு இடமில்லை, தென்னைக்கு அடியில்லை. இந்த நெருக்கடியான வேளையிலேயே எந்த வயிற்றுக்கும் பொருந்தாத ஒரு பொருளும் வீடுகளுக்குள் வந்து குவியத் தொடங்கியது.

பொலித்தீன் 1933 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் தற்செயலாகத் தோன்றியது. அதுவும் ஒரு கோவையே. ஆனால் காபனோடு காபன் நேரே பிணைந்த அக்கோவையை அறுக்கும் நொதியம் மனிதனிடமும் இல்லை, மாட்டிடமும் இல்லை, மாட்டின் வயிற்றுக் குடியிருப்பாளரிடமும் இல்லை. எரித்தால் நெருப்பாகும் அளவுக்குச் சக்தி அதனுள்ளே உண்டு. உண்டவனுக்கோ ஒரு துளியும் கிட்டாது. இதைக் காட்டிலும் பொல்லாதது அதன் மணம். குழம்பும் பொரித்த மீனும் ஒட்டிய லஞ்ச் சீற் குழம்பாகவே மணக்கும். விலங்கு கண்ணை நம்பி உண்பதிலும் மூக்கை நம்பி உண்பதே அதிகம்.

சந்தை முகப்பிலும் பிரதான வீதியிலும் இரவெல்லாம் அலையும் கட்டாக்காலி மாடுகளைப் பற்றி வாகனம் ஓட்டுவோர் முறையிடுவதுண்டு. அவற்றைப் பிடித்துக் கட்டுவது பற்றியும் தண்டம் அறவிடுவது பற்றியும் அறிவித்தல்கள் வருவதுண்டு. அம்மாடுகள் அங்கே எதனை உண்கின்றன என்ற கேள்விக்கு விடை கிடைப்பது இறைச்சிக் கடையிலேதான். ஹஜ்ஜுப் பெருநாளை அண்டிய ஒரு காலை, பாபத்து வாங்க வந்த மூதாட்டியிடம் கடைக்கார இளைஞன் தயங்கித் தயங்கிச் சொன்னான்:

“மூத்தம்மா, இந்த மாட்டுட பாபத்து வேணாம். உள்ளுக்கு முழுக்கப் பையிதான் கிடக்கு.”

அவன் வாளியிற் போட்டிருந்ததை அவள் குனிந்து பார்த்தாள். சொப்பிங் பைகளும் கயிறும் நைலோன் வலைத்துண்டும் முறுகிப் பிணைந்து, ஒரு தேங்காயிலும் பெரிதாக, சாணப்பச்சை நிறத்திற் கிடந்தன.

“வாயில்லாச் சீவன்ட வகுத்துக்குள்ள இத ஆரு மகன் போட்ட?”

அவன் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தான். அவளுடைய கையிலும், இறைச்சி கொண்டுபோவதற்கென்று, மடித்த ஒரு சொப்பிங் பை இருந்தது.

அப்பந்து உள்ளே கிடந்து செய்யும் வேலை விளங்கிக்கொள்ள எளிதானது. முதலறையிலிருந்து அடுத்த அறைகளுக்குச் செல்லும் வாயில் மிகக் குறுகியது. நன்றாக அரைபட்ட துணுக்குகளே அதனூடு செல்லும். பொலித்தீன் அரைபடாது, எனவே செல்லாது. அசைபோட மீண்டு வராது, கரையாது. ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கி இடத்தை அடைத்துக்கொள்கிறது. வயிறு நிரம்பியிருக்கிறது என்னும் உணர்வு இருப்பதனால் மாடு மேய்ச்சலைக் குறைக்கிறது. நிரம்பிய வயிற்றோடு மெலிகிறது. பட்டினி என்ற சொல்லுக்கு அகராதியிலுள்ள பொருள் இந்நிலைக்குப் போதாது.

மாட்டின் கதை இறைச்சிக் கடையோடு முடிய, இதே பொருள் தெற்கே சற்றுத் தொலைவில் யானையின் கதையாகிறது. அட்டாளைச்சேனைப் பிரதேசத்தில் அஷ்ரப் நகரை அண்டிய பள்ளக்காட்டில் 2008 ஆம் ஆண்டளவில் குப்பைமேடு ஒன்று உருவாயிற்று. சுற்றியுள்ள ஒன்பது ஊர்களின் கழிவுகள் அங்கே கொட்டப்பட்டன. அருகே காடு, காட்டில் யானை. இப்பகுதியின் யானைகளுக்கு இடநெருக்கடி புதிதன்று. 1949 இல் ஆரம்பமான கல்லோயாத் திட்டம் காட்டை வயலும் குடியேற்றமும் கரும்புத் தோட்டமுமாக்கிய காலத்திலிருந்தே அவற்றின் பழைய வழித்தடங்கள் ஊர்களினூடாகச் செல்லலாயின. அத்திட்டத்தினாற் சோறு உண்டவர் பல்லாயிரவர் என்பதையும் மறுப்பதற்கில்லை.

யானையின் வயிறு மாட்டினுடையது போன்றதன்று. இரைப்பை ஒன்றுதான், அசைபோடுதலும் இல்லை. நுண்ணங்கிகளின் குடியிருப்பு உடலின் பின்பகுதியில், குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் அமைந்துள்ளது. உணவு விரைந்து செல்வதால் உண்டதிற் பாதிக்கும் குறைவானதே உடலிற் சேர்கிறது. ஆகவே அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் தழையும் புல்லும் பட்டையும் உண்ண வேண்டியுள்ளது. நாளின் பெரும்பகுதி தின்பதிலேயே போகிறது. மாடு சிக்கனக்காரன், யானை ஊதாரி என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஊதாரியின் கை வழியேதான் காடு வளர்கிறது. சமிபாடடையாத விதைகள் சாணத்தோடு மைல்கள் கடந்து விழுந்து முளைக்கின்றன. யானைக்கன்றும் தாயின் சாணத்தை உண்டே தன் வயிற்றுக் குடியிருப்பைப் பெறுகிறது.

இத்தகைய பெரும்பசிக்காரனுக்குக் குப்பைமேடு ஒரு விருந்து மண்டபம். அழுகிய பழமும் பழஞ்சோறும் உப்பும் ஓரிடத்திற் குவிந்து கிடக்க, காடெல்லாம் அலைவானேன்? 2022 ஜனவரியில் அங்கே மேலும் இரண்டு யானைகள் இறந்து கிடந்தபோது, எட்டு ஆண்டுகளில் இறந்தவை ஏறத்தாழ இருபது என்று கணக்கிடப்பட்டது. இறந்த யானைகளை அறுத்துப் பார்த்த வனவிலங்கு மருத்துவர் உள்ளே கண்டவை பொலித்தீன், உணவு சுற்றிய தாள்கள், பிளாத்திக்கு, சமிக்காத பிற பொருள்கள், நீர் ஆகியன மட்டுமே. யானை வழமையாக உண்ணும் உணவு எதுவும் அங்கே காணப்படவில்லை. இவ்வாறு உண்ட யானை நாளடைவில் உணவையும் நீரையும் விலக்கித் தன் உடலின் பாரத்தைத் தானே தாங்கமாட்டாமற் சாய்கிறது. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கை முழுவதும் காணப்பட்ட யானைகள் ஆறாயிரத்துக்கும் குறைவு. அந்தத் தொகையோடு ஒப்பிடுகையில் ஒரு குப்பைமேட்டில் இருபது என்பது சிறிய எண்ணன்று.

ஒன்றும் செய்யப்படவில்லை என்று கூறுதல் நியாயமன்று. மேட்டைச் சுற்றி மின்வேலி இட்டார்கள். 2014 இல் மின்னல் தாக்கியபின் அது திருத்தப்படாது கிடந்தது. 2017 செப்டெம்பர் முதலாந் திகதி முதல் நாடெங்கும் லஞ்ச் சீற்றும் மெல்லிய பொலித்தீனும் தடை செய்யப்பட்டன. தடையினாற் பயனேதுமில்லை என்பாரும் உளர். முன்னர் தாராளமாகக் கிடைத்தது கூச்சத்தோடு விற்கப்படுவதும் ஒரு முன்னேற்றமே. ஆயினும் வேலியாயினும் தடையாயினும் ஊரின் சமிபாட்டைச் செய்து தருபவை அல்ல. வேலி யானையை விலக்கும். குப்பை அங்கேயே இருக்கும்.

சமிபாடு எங்கே தொடங்குகிறது என்று எந்தப் பாடநூலைப் புரட்டினாலும் வாயில் என்றே இருக்கும். எலும்பையும் முள்ளையும் நா விலக்க, பல் அரைக்க, அதன் பின்னரே தொண்டை விழுங்குகிறது. ஊரின் வாய் வீட்டுக் குசினியே. மீன் குடலும் சோறும் ஒரு வாளியிலும் பொலித்தீன் மற்றொரு வாளியிலும் அங்கே பிரிந்தால், முதல் வாளியிலுள்ளதை மண்ணின் நுண்ணங்கிகள் சில மாதங்களிற் பசளையாக்கிவிடும். மாட்டின் முதலறையில் நடப்பதும் பசளைக் குழியில் நடப்பதும் உறவுமுறையான வேலைகளே. இரண்டும் ஒரே பையிற் கட்டப்பட்டு விடியற்காலை வண்டியில் ஏறிவிட்டாற் பின்னர் பிரிப்பவர் எவருமில்லை. மென்று பாராது விழுங்கிய கவளம் அது. கூலியாட்கள் சிலர் மேட்டிலே கையுறையுமின்றிப் போத்தல்களைப் பொறுக்குகிறார்கள். மற்றதை யானை பிரிக்க முயல்கிறது. தும்பிக்கையால் எடுத்து, உதறி, மோந்து பார்த்து, பழமென்று கண்டால் உண்கிறது. முடிச்சிட்ட பைக்குள் சோறு இருந்தால் அதனை அவிழ்க்க மட்டும் அதற்குத் தெரியாது.