லாடம் கட்டும் கை

சாரல் காலத்தில் குற்றாலம் போகிறவர்களுக்கு அருவியின் இரைச்சல்தான் நினைவில் நிற்கும். ஆனால் 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய தென்காசிக் கோவிலிலிருந்து குற்றாலம் வரை, சுமார் 5 கிலோமீட்டர் தூரத்துக்கு, ஒரு காலத்தில் வேறொரு ஓசையும் கேட்டதுண்டு. ஜட்காக் குதிரைகளின் லாடச் சத்தம்!

இப்போது பஸ்ஸும் ஆட்டோவும்தான். என்றாலும் சாலையோரப் புளியமரத்தடியில் ஒரு பெரியவர், வண்டி மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து லாடம் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயோ பாவம், வலிக்காதா?" என்றாள் என் மனைவி.

"நகம் வெட்டினா வலிக்குமா தாயி? ஆணி குளம்போட ஓரத்திலேயே போகணும். கொஞ்சம் உள்ளே திரும்பிச்சோ, மாடு நொண்டும். வண்டிக்காரன் வீட்டிலே அடுப்பு எரியாது."

குதிரைக்குக் காலுக்கு ஒரு லாடம். மாட்டுக்குக் குளம்பு பிளந்திருப்பதால் காலுக்கு இரண்டு, ஆக 8. குதிரைக் குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும். அதனால் 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும். அந்த வாடிக்கைதான் இத்தொழிலுக்குச் சோறு போட்டது. ஜட்கா போயிற்று, வாடிக்கையும் போயிற்று.

"பிள்ளைக்குக் கற்றுக் கொடுத்தீர்களா?" என்று கேட்டேன்.

"மாடு வந்தாத்தானே தம்பி கை பழகும்?"

கட்டை அவிழ்த்ததும் மாடு எழுந்தது. வண்டிக்காரர் பணத்தை நீட்டினார். பெரியவர் கை நீட்டவில்லை. மாடு நாலடி நடக்கும்வரை அதன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகுதான் வாங்கிக்கொண்டார்.