ஒரு வெற்றியும் இல்லாத முதல் ஆண்டு



சென்ற ஷஅபான் மாதத்தில் எங்கள் மதரஸாவின் ஆண்டுத் தேர்வு முடிந்திருந்தது. ஹிஃப்ழ் வகுப்பில் ஒரு மாணவன் ஓராண்டு முழுவதும் முயன்றும் ஒரு ஜுஸ்உவைக்கூட நிறைவு செய்யவில்லை. வேறொரு மதரஸாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு எங்களிடம் வந்து சேர்ந்தவன் அவன். 'உங்கள் மகனுக்கு இது வராது' என்று அவனுடைய தந்தையிடம் கூறிவிடுவதென நான் முடிவு செய்திருந்தேன்.

அந்த வாரம் அமெரிக்காவின் டாம்பா நகரில் பணிபுரியும் என் தங்கையின் மகன் விடுமுறையில் வந்திருந்தான். என் முடிவைக் கேட்டதும், "மாமு, எங்கள் ஊர் அணியின் முதல் ஆண்டைப் பற்றிச் சொல்லட்டுமா?" என்றான். விளையாட்டுக் கதை கேட்கும் மனநிலையில் நான் இல்லை. ஆயினும் கேட்டேன், பிறகு நானே தேடிப் படித்தேன்.

அமெரிக்கக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் முன்னேறும் ஆட்டம் அது. நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். இயலாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். 1976ஆம் ஆண்டு என்.எஃப்.எல். என்னும் தேசிய லீக்கில் டாம்பா பே பக்கனியர்ஸ், சியாட்டில் சீஹாக்ஸ் என இரண்டு புதிய அணிகள் சேர்க்கப்பட்டன.

புதிய அணிக்கு வீரர்கள் எங்கிருந்து வருவார்கள்? ஏற்கெனவே இருந்த 26 அணிகளும் தமக்கு வேண்டிய வீரர்களைப் பாதுகாத்துக்கொண்டு, எஞ்சியோரின் பட்டியலைக் கொடுத்தன. அப்பட்டியலிலிருந்து இரு புதிய அணிகளும் தலா 39 பேரைத் தேர்ந்துகொண்டன. அதாவது, மற்றவர்கள் தக்கவைக்க விரும்பாதவர்களைக் கொண்டுதான் பெரும்பகுதி அணி கட்டப்பட்டது. கல்லூரிகளிலிருந்து புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையும் இருந்தது. அதில் டாம்பா முதலாவதாகத் தேர்ந்தவர் லீ ராய் செல்மன் என்னும் தற்காப்பு வீரர். அவருடைய அண்ணன் டூயி செல்மனும் அதே ஆண்டு அதே அணியில் சேர்ந்தார்.

பயிற்சியாளர் ஜான் மெக்கே சாதாரணமானவர் அல்லர். தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக அணிக்கு நான்கு தேசியப் பட்டங்களைப் பெற்றுத் தந்தவர். அத்தகையவர் பயிற்றுவித்தும் முதல் ஆண்டில் ஆடிய 14 ஆட்டங்களிலும் டாம்பா தோற்றது. ஐந்து ஆட்டங்களில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஆண்டு முழுவதும் எடுத்தவை 125 புள்ளிகள். எதிரணிகளுக்குக் கொடுத்தவை 412. உடன் பிறந்த சியாட்டில் அணியிடமும் 13-10 என்று தோற்றது. மறு ஆண்டும் முதல் 12 ஆட்டங்களில் தோல்வியே. தொடர்ந்து 26 தோல்விகள்! நாடு நகைத்தது. பயிற்சியாளரை வளைகுடாவில் வீச வேண்டும் என்று சொந்த ஊர் ரசிகர்களே சட்டையில் எழுதி அணிந்தனர்.

ஆனால் அணியின் உரிமையாளர் மெக்கேயை விலக்கவில்லை. மெக்கே செல்மன் சகோதரர்களை விலக்கவில்லை. 1977 டிசம்பர் 11 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரில் 33-14 என்ற கணக்கில் முதல் வெற்றி வந்தது. எதிரணி வீசிய பந்துகளை இடைமறித்துப் பிடித்து, மூன்று முறை இறுதிக் கோடுவரை ஓடிப் புள்ளி பெற்றார்கள். அணி ஊர் திரும்பியபோது வரவேற்கப் பெருங்கூட்டம் காத்திருந்தது.

1979இல் அதே அணி 10 ஆட்டங்களில் வென்று தன் பிரிவில் முதலிடம் பெற்றது. அவ்வாண்டு லீக்கிலேயே மிகக் குறைந்த புள்ளிகளை எதிரணிக்கு விட்டுக்கொடுத்த அணியும் அதுதான்: 16 ஆட்டங்களில் 237. ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரராக லீ ராய் செல்மன் தேர்வானார். இறுதிப் போட்டிக்கு ஒரு படி முன்னதாக, 9-0 என்று தோற்றுத்தான் அவர்கள் நின்றார்கள்.

என்னைத் தைத்தது பிற்கால வெற்றி அன்று. தோற்ற காலத்தில் நடந்த வேலை. அவர்கள் வெறுமனே பொறுத்திருக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் எங்கே குறை என்று பார்த்து ஆளைச் சேர்த்தார்கள், பயிற்சியைத் தொடர்ந்தார்கள். நானோ அம்மாணவனின் மதிப்பெண்ணை மட்டும் பார்த்தேன். அவன் எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்று ஓராண்டில் ஒரு நாளும் உட்கார்ந்து பார்க்கவில்லை. சபர் என்று மாணவர்களுக்கு எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். அதில் ஆசிரியரின் பங்கு என்னவென்று எனக்கு நானே கேட்டதில்லை.

தந்தை வந்தார். "ஹஜ்ரத், இவனை அழைத்துச் சென்றுவிடட்டுமா?" என்று அவரே தயங்கிக் கேட்டார். முன்பும் ஓரிடத்தில் அவ்வாறு கேட்க நேர்ந்தவர் அவர். "இன்னும் ஓராண்டு என்னிடம் விடுங்கள். பிழை அவனிடம் மட்டும் இல்லை" என்றேன்.

இப்போது ஃபஜ்ருக்குப் பின் அவனை அருகில் அமர்த்தி, மூன்று வரிகளுக்கு மேல் ஸபக் கொடுப்பதில்லை. உருவத்தில் ஒத்த எழுத்துகளில் அவன் கண் தடுமாறுகிறது என்பது இரண்டாம் வாரத்தில்தான் எனக்குப் புரிந்தது. முதல் ஜுஸ்உ முடிந்துவிட்டது. இரண்டாவதில் பாதியில் இருக்கிறான். அவன் ஹாஃபிழ் ஆவானா என்பதை அல்லாஹ்வே அறிவான். ஆனால் நேற்று, ஒரு பிழையை நான் திருத்துவதற்கு முன் அவனே நிறுத்தித் திருத்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான்.