தீபத்தன்று போன கரண்ட்

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. கார்த்திகை தீபம். அம்பத்தூர் ஓ.டி.யைச் சுற்றியுள்ள தெருக்களில் அன்று வாசலில் கோலம் நிற்கவில்லை. விடியும் முன்பே காற்று ஊளையிடத் தொடங்கிவிட்டது. பொரி உருண்டைக்கு வாங்கிய வெல்லமும், கழுவிக் கவிழ்த்திய அகல்களும் சமையலறைகளில் அப்படியே கிடந்தன. மதியத்துக்கு மேல் வர்தா புயல் சென்னையை ஒட்டிக் கரையேறியது. காற்று மணிக்கு 110 கிலோமீட்டருக்கும் மேல் வீசியது என்று வானிலை மையம் பிறகு சொன்னது. எங்களுக்கு அப்போது தெரிந்ததெல்லாம் சத்தம்தான். ஆஸ்பெஸ்டாஸ் பறந்தது, தகரம் பறந்தது, சி.டி.எச். ரோட்டில் மரம் கம்பத்தின் மேல் விழுந்தது, கம்பம் கடை மேல் சாய்ந்தது, கம்பிகள் அறுந்து சுருண்டன, என் பேட்டரிக் கடையின் ஷட்டர் உள்பக்கமாக வளைந்தது. நானும் கடைப் பையனும் முதுகைக் கொடுத்து அதைத் தாங்கிக்கொண்டு நின்றோம்.

காற்று அடங்கிய பிறகு வந்த இரவில்தான் நான் மறக்க முடியாத சத்தத்தைக் கேட்டேன். முதலில் பக்கத்து வீட்டிலிருந்து 'பீப்... பீப்...' என்று இன்வெர்ட்டர் கத்தியது. பேட்டரி இறங்கிவிட்டது என்று அது சொல்லும் பாஷை அது. பிறகு எதிர்வீடு. பிறகு பின்தெரு. ஒவ்வொரு வீடாகக் கத்தி, ஒவ்வொரு வீடாக அடங்கியது. இரண்டு மூன்று மணி நேரமாவது தாங்க வேண்டியவை பல வீடுகளில் பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. ஜன்னல்களில் தெரிந்த வெள்ளை வெளிச்சம் அணைந்ததும், உள்ளே யாரோ அகலை ஏற்றினார்கள். தீபம் அன்று அப்படித்தான் ஏற்றப்பட்டது.

அந்தப் பேட்டரிகளில் பெரும்பாலானவற்றை விற்றது நாங்கள்தான், எங்களைப் போன்ற கடைக்காரர்கள்தான். 2012இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. சென்னைக்குத் தினம் இரண்டு மணி நேரம், வெளி மாவட்டங்களுக்கு அதைப்போலப் பல மடங்கு. நகையை அடகு வைத்துக்கூட இன்வெர்ட்டர் வாங்கினார்கள். பிறகு மின்வெட்டு குறைந்தது. மாடிப்படிக்கு அடியில் பழைய செருப்பு, பெயின்ட் டப்பாவோடு பேட்டரியும் ஒரு மூலைப் பொருளாகிவிட்டது. டியூபுலர் பேட்டரிக்கு மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்ட் வாட்டர் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் தண்ணீர் இறங்கும், ஈயத் தட்டுகள் வெளியே தெரியும், வெள்ளை உப்புப் படிந்து செல் செத்துவிடும். கரண்ட் தடையில்லாமல் வருகிற வீட்டில் இது யாருக்கும் தெரியாது. இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். அந்த வீடுகளின் பேட்டரிகளை வர்தா கொல்லவில்லை. ஏற்கெனவே செத்துப்போயிருந்ததை அந்த ராத்திரி காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை தெருவெல்லாம் கிழிந்த இலையின் பச்சை வாசனை. வேம்பு, புங்கம், வாதாம் எல்லாம் சேர்ந்து கசக்கிய மருந்துபோல மூக்கில் ஏறியது. வானம் வெளுத்து வெயில் சுள்ளென்று அடித்தது. கடை திறக்கும் முன்பே வாசலில் ஆட்கள். முதலமைச்சர் ஜெயலலிதா இறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சுவரெங்கும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள் காற்றில் பாதி கிழிந்து தொங்கின. ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்து ஐந்து வாரம். வந்தவர்கள் கையில் இரண்டாயிரம் ரூபாய்த் தாள், எனக்கோ சில்லறை கிடையாது. கார்டு தேய்க்கச் சிக்னல் இல்லை. ஏ.டி.எம். இருட்டாக இருந்தது. நோட்டில் எழுதிக்கொண்டு டிஸ்டில்ட் வாட்டர் கேன்களைக் கொடுத்தேன். வெளிநாட்டில் இருக்கும் மகன் பதறுவான், செல்போனை மட்டும் ஏற்றிக் கொடுப்பா என்று ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். போன் உயிர் வந்ததும் அதைக் காதில் வைத்துக்கொண்டார். டவரே இல்லை. ஆனாலும் காதிலிருந்து எடுக்கவில்லை.

கெட்டுப்போனவை எல்லாம் பெரிய பழுதுகள் அல்ல. பாதி வீடுகளில் டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. வெந்நீர் ஊற்றிச் சுரண்டி, போல்ட்டை முறுக்கி, வாசலின் தடவினால் இன்வெர்ட்டர் எழுந்துகொண்டது. ஆனால் ஏற்றிக்கொள்ளக் கரண்ட் வேண்டுமே? அதற்குத்தான் வழியில்லை.

அயப்பாக்கத்தில் ஓய்வுபெற்ற ஒருவர் என்னை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனார். மானியத்தோடு போட்ட சோலார் பேனல்கள், ஒரு கீறல்கூட இல்லை. "இவ்ளோ வெயில் அடிக்குது தம்பி, ஏன் ஒரு பல்புகூட எரிய மாட்டேங்குது?" என்றார். அது பேட்டரி இல்லாமல், மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும் வகை. லைனில் கரண்ட் நின்றால் அந்த இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும், நிற்கத்தான் வேண்டும். இல்லையென்றால் மாடியில் பிறக்கும் மின்சாரம் தெருக்கம்பியில் ஏறி, கம்பத்தில் வேலை செய்பவனைக் கொன்றுவிடும். வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரிய ஆட்கள் அப்போது எங்கள் தெருக்களில் ராப்பகலாகக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். கயிறு கட்டி, தோளில் சுமந்து, சோற்றுப் பொட்டலத்தைச் சாய்ந்த கம்பத்தின் மேலேயே உட்கார்ந்து பிரித்தார்கள். ஏறுவதற்கு முன் ஒருவர் ஒவ்வொரு வீடாகக் கேட்டுக்கொண்டே வருவார்: "ஜெனரேட்டர் ஓடுதா? மெயினை இறக்கிட்டீங்களா?" பெரியவர் அதைப் பார்த்தார். அப்புறம் பேனலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அவர்களுக்கு மோர் கரைத்துக்கொண்டு வந்தார்.

திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே இருந்த ஒரு முதியோர் இல்லத்திலிருந்து ஆள் வந்தது அதற்குப் பிறகு. யாரோ நன்கொடையாக வைத்துக்கொடுத்த ஆஃப்-கிரிட் சோலார் அங்கே இருந்தது. மாடியில் நான்கு பேனல், கீழே இரண்டு பேட்டரி, 24 வோல்ட் இன்வெர்ட்டர். எல்லாம் நின்றுபோயிருந்தது. கட்டிலில் ஒரு பழைய பள்ளி ஆசிரியர், எல்லோருக்கும் அவர் வாத்தியார். ஆக்சிஜன் தயாரிக்கும் மெஷின் பக்கத்தில் ஊமையாக நின்றது. மூக்கில் சிலிண்டர் குழாய். உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்ததும் பேச முடியாமல் கையை மட்டும் தூக்கினார், வகுப்பில் பையனை உட்காரச் சொல்கிற மாதிரி. சிலிண்டரின் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மீட்டர் வைத்தேன். இரண்டு பேட்டரியும் சேர்ந்து 24 வோல்ட்டுக்கு மேல். "சரியாத்தானே காட்டுது?" என்றார் இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. சும்மா இருக்கும் பேட்டரி அப்படித்தான் காட்டும். லோடு கொடுத்துத் தனித்தனியாகப் பார்த்தேன். ஒன்று 12இல் நின்றது, மற்றது 8க்குச் சரிந்தது. அதில் ஒரு செல் வறண்டு கிடந்தது. தொடராக மாட்டிய இரண்டில் ஒன்று போனால் நல்லதும் பயன்படாது. சார்ஜ் கன்ட்ரோலரின் பியூஸ் வேறு எரிந்திருந்தது. மாடிக்கு ஓடினேன். ஒரு பேனல் சட்டத்தோடு பிடுங்கிக்கொண்டு கைப்பிடிச் சுவரில் தொங்கியது, ஒயர் இரும்பில் உரசி ரப்பர் போய் பிளஸ்ஸும் மைனஸும் ஒட்டிப் பொறி பறந்தது. வெயில் இருக்கும்வரை பேனலை அணைக்க முடியாது. போர்வை போர்வை என்று கத்தினேன், கூட வந்த கடைப் பையன் கட்டிலிலிருந்து உருவிக்கொண்டு வந்தான், மூடினோம், வெட்டினோம், டேப் சுற்றினோம், மற்ற மூன்றின் மேல் கிடந்த வேப்பங்கிளையை இழுத்துப் போட்டோம், புது பியூஸ் மாட்டினேன். இனி பேட்டரி வேண்டும். கடைக்குப் போய்வர நேரமில்லை.

இல்லத்துக்கு எதிரே மரம் மறித்து ஒரு நாமக்கல் லாரி நின்றிருந்தது. லாரியில் எப்போதும் இரண்டு பேட்டரி, 24 வோல்ட். டிரைவரிடம் கேட்டேன். மெதுவாக வடிப்பதற்கான பேட்டரி இல்லை இது, ஆயுசு குறையும் என்பதையும் சொன்னேன். "அது கெடக்குதுங்க, பாத்துக்கலாங்க. மொதல்ல அய்யாவுக்கு மூச்சு வரட்டும்" என்று ஸ்பானரை அவரே எடுத்தார். பேனல் பக்கத்து இணைப்பை முதலில் பிரித்துவிட்டு, பேட்டரியை மாட்டி, பிறகு பேனலைக் கொடுத்தோம். பிரிட்ஜ், மோட்டார், ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். அந்த மெஷின் ஒன்றே ஏறக்குறைய 350 வாட் இழுக்கும். சுவிட்சைப் போட்டதும் உள்ளே 'டக்' என்று ஒரு வால்வு விழுந்தது. பிறகு 'ஷ்ஷ்...' என்று காற்று. வாத்தியாரின் நெஞ்சு அந்தச் சத்தத்தோடு சேர்ந்து ஏறி இறங்கத் தொடங்கும்வரை யாரும் பேசவில்லை. பகலில் மூன்று பேனலும் ஏற்றின, இரவில் மெஷின் குடித்தது. தெருவுக்குக் கரண்ட் வரும்வரை டிரைவர் அந்தத் திண்ணையிலேயே படுத்திருந்தார். வாத்தியார் அதற்குப் பிறகு இரண்டு பொங்கல் பார்த்தார்.

பட்டாபிராம் பக்கம் ஒரு வீட்டுக்கும் போனேன். அங்கேயும் ஒரு அம்மாவுக்கு அதே மாதிரி மெஷின். போன் கிடைக்காமல், ஆள் தேடி வந்து சொல்லி, மரங்களைத் தாண்டி நான் சேர்ந்தபோது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். திரும்பிப் போகப் பார்த்தேன். மகன் விடவில்லை. "வந்துட்டீங்கல்ல, என்னன்னு பாத்துடுங்கண்ணே" என்று டார்ச்சைப் பிடித்தார். மூடிகளைத் திறந்தேன். ஆறு செல்லும் வறண்டு வெள்ளை பூத்திருந்தது. எவ்வளவு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றணும் என்று கேட்டார். சொன்னேன். டார்ச் வெளிச்சம் அவர் கையில் நடுங்கிக்கொண்டே இருந்தது. ஊதுவத்தி வாசனையும் ஆசிட் வாசனையும் கலந்த அந்த மாடிப்படி அடியை நான் இன்றும் பல வீடுகளில் குனியும்போது நினைக்கிறேன். உயிர் போனதற்குப் பேட்டரிதான் காரணமா என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. அந்த மகனுக்கு அந்தக் கேள்வி தீராது என்பது மட்டும் தெரியும்.

இப்போது லித்தியம் பேட்டரி வந்துவிட்டது. தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று வாங்குகிறார்கள், நல்லதுதான். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் மழையிலும் மூழ்கிய பேட்டரிகளைத் தூக்கிய கைகள் இவை. எந்தப் பேட்டரியானாலும் இடுப்புயரத்துக்கு மேல் வையுங்கள் என்றுதான் சொல்வேன். மானியத்தோடு மாடிகளில் புதுப் பேனல்களும் ஏறுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை அயப்பாக்கத்துப் பெரியவர் வீட்டு வகைதான். லைன் போனால் தானும் நிற்கும். இதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய பேட்டரி வைத்திருப்பவர்கள் ஐப்பசி பிறக்கும் முன் மூடியைத் திறந்து தண்ணீர் பாருங்கள். மெயினை இறக்கிவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். உங்கள் தெருவில் மூச்சுக்கு மெஷினை நம்பியிருப்பவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்று விசாரித்து வையுங்கள். அடுத்த புயலில் நல்ல பேட்டரி உங்களிடம் இருந்தால், அதை முதலில் அந்த வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.