ஒரு பிடிக் காய்

பாஸ்டன் நகரத்து நுண்கலை அருங்காட்சியகத்தில் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் என்பவர் செயலாளராக இருந்தார். 1916-ல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். எழுத்தைவிட அதிலுள்ள புகைப்படங்களே அதிகம் பேசும். நல்ல கண்பார்வையுள்ள ஒரு மனிதரிடம் காட்சிப் பொருள்களைப் பற்றிச் சில எளிய கேள்விகளைக் கொடுத்து, பார்த்துப் பதில் சொல்லச் சொல்லிவிட்டு, அவர் படும் பாட்டைப் படமெடுத்திருக்கிறார். மனிதர் இடுப்பை வளைக்கிறார். கழுத்தைத் திருகுகிறார். கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டில் இருப்பதைப் பார்க்கத் தரையில் குந்துகிறார். கில்மன் இதற்கு 'அருங்காட்சியகக் களைப்பு' என்று பெயர் வைத்தார். இன்றுவரை அந்தத் துறையில் அந்தப் பெயர்தான்.

எனக்கு இந்தக் களைப்பின் மேல் தீராத ஆர்வம். காரணம், நாங்கள் போடி மலையடிவாரத்துக்காரர்கள். குரங்கணியிலிருந்து மலைப்பாதையில் இருக்கும் சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக டாப் ஸ்டேஷன் வரைக்கும் சுமையோடு ஏறி இறங்கிய கால்கள் எங்கள் பெரியவர்களுடையவை. செங்குத்தான ஏலத் தோட்டத்தில் காலையிலிருந்து சாயங்காலம்வரை குனிந்து சரம் சரமாகக் காய் எடுக்கிற பெண்கள், வேலை முடிந்து பாட்டுப் பாடிக்கொண்டு வீடு திரும்புவார்கள். அதே கால்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் சமதளத் தரையில் இரண்டு மணி நேரத்தில் கெஞ்சத் தொடங்கிவிடுகின்றன. மலையேறும்போது கண்ணுக்கு ஒரே வேலை, அடுத்த அடியை எங்கே வைப்பது என்று பார்ப்பது. அருங்காட்சியகத்தில் நாலு எட்டு வைத்து ஒரு நிறுத்தம், மறுபடி நாலு எட்டு, மறுபடி நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வேறொரு நூற்றாண்டு, வேறொரு ஊர், வேறொரு தெய்வம். கால் வலிக்கிறது என்கிறோம். உண்மையில் அலுத்துப்போவது மனசு.

போடியிலிருந்து சென்னைக்குப் போகிற யாரும் அருங்காட்சியகம் பார்க்கவென்று போவதில்லை. ஆஸ்பத்திரி, கோர்ட், பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கை என்று போகிறோம். காரியம் மதியத்துக்குள் முடிந்துவிடும், ஊருக்குத் திரும்பும் வண்டியோ ராத்திரிக்குத்தான். 2010 கடைசியில் மீட்டர் கேஜ் பாதையை மூடியபோது போடிக்கு ரயிலே இல்லாமல் போனது. 2023 ஜூனில்தான் சென்னை சென்ட்ரலுக்கு நேராக வண்டி வந்தது. அந்த வண்டி வந்த பிறகு எங்களில் பலருக்குச் சென்னையில் ஒரு பிற்பகல் சும்மா கிடைக்கிறது. நான் அதை எழும்பூருக்குக் கொடுக்கிறேன்.

1851-ல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். நுங்கம்பாக்கத்தில் தொடங்கி, 1854-ல் எழும்பூரில் இப்போதிருக்கும் பாந்தியன் வளாகத்துக்கு வந்தது. 16 ஏக்கருக்கும் மேற்பட்ட இடம். அமராவதிக் கற்கள் ஒருபுறம், செப்புத் திருமேனிகள் ஒரு கட்டடம், திமிங்கல எலும்புக்கூடு ஒரு கூடம், ரவிவர்மா ஓவியங்கள் இன்னொரு கட்டடம். ஒரு பிற்பகலில் முடிகிற காரியமா இது?

பால்ஃபருக்கு வேறொரு கவலை இருந்தது. ஜனங்களை உள்ளே வரவைப்பது எப்படி என்பது. வளாகத்தில் உயிருள்ள மிருகங்களை வைத்தால் கூட்டம் பெருகுவதைக் கவனித்து, 1855-ல் அங்கேயே ஒரு மிருகக்காட்சிசாலையைத் தொடங்கினார். கல்லையும் எலும்பையும் பார்க்க வராதவர்கள் புலியைப் பார்க்க வந்தார்கள். மிருகங்கள் பிறகு சென்ட்ரல் பக்கத்துப் பூங்காவுக்குப் போயின, 1985-ல் வண்டலூருக்கு. சென்னைக்காரர்கள் எழும்பூரைச் 'செத்த காலேஜ்' என்றும் மிருகக்காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொல்வார்கள். என் தாத்தா காலத்தில் பட்டணம் போய்வந்தவர்கள் இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிட்டு வந்து திண்ணையில் கதை சொல்வார்களாம். அவர்கள் கதையில் புலிதான் வரும். நடராஜர் வரமாட்டார்.

ஒரு பிற்பகலில் இவ்வளவு பெரிய இடத்தை எப்படிப் பார்ப்பது என்பதை நான் போடி ஏலக்காய் மார்க்கெட்டில் கற்றுக்கொண்டேன். கணினியில் ஏலம் விடும் காலத்துக்கு முன்பு, வாய்விட்டு விலை கேட்ட நாட்கள் அவை. அப்பா என்னைக் கூட்டிப்போவார். எங்கள் காய் மூட்டைகளில் இருக்கும். அதிலிருந்து எடுத்த சாம்பிள் மட்டும் தட்டில் வியாபாரிகள் முன்னால் வரும். ஒரு பெரியவர், நெற்றியில் விபூதி, எப்போதும் ஜன்னலோரம்தான் உட்காருவார். தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். உள்ளங்கையில் வைத்து லேசாக உருட்டுவார், கனம் பார்ப்பார், காதருகே கொண்டுபோய்க் குலுக்குவார். வெளிச்சத்தில் நீட்டி நிறம் பார்ப்பார். பிறகு ஒரே ஒரு காயை எடுத்து நகத்தால் கீறித் தோலை விலக்குவார். உள்ளே அரிசி கறுத்து, பிசுபிசுப்போடு, ஒட்டிக்கொண்டு நிற்கிறதா, இல்லை வெளுத்துக் கிடக்கிறதா என்று பார்ப்பார். மூக்கருகே வைத்து ஒரு கணம் கண்ணை மூடுவார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்து விலை சொல்வார்.

எனக்குத் தாங்கவில்லை. "ஏம்ப்பா, மூட்டையத் தொறந்து பாக்கவே இல்லையே அவரு?" என்று கேட்டேன்.

"பாத்துட்டாருடா," என்றார் அப்பா. "அந்த ஒண்ண உரிச்சாருல்ல, அதுல எல்லாத்தையும் பாத்துட்டாரு. நீ மூட்டை மூட்டையாத் தொறந்தாலும் அவரு பாத்ததப் பாக்க மாட்ட."

எழும்பூரில் நான் அந்தப் பெரியவராக நிற்கப் பார்க்கிறேன். ஒரு பிடி போதும். ஆனால் அதில் ஒன்றையாவது உரிக்க வேண்டும்.

நான் உரித்த காய், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். 11-ஆம் நூற்றாண்டுச் சோழர் செப்புத் திருமேனி, சுமார் ஒரு மீட்டர் உயரம். முன்னால் ஓடுகிற கூட்டம் ஒரு நொடி நின்று 'பாதி ஆண், பாதி பெண்' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். அது பெயர்ப்பலகையிலேயே இருக்கிற செய்தி. கொஞ்ச நேரம் நின்றால் கைகளை எண்ணத் தோன்றும். மூன்று கை. ஈசன் பக்கம் இரண்டு, அம்மை பக்கம் ஒன்று. நாலு கை ஈசனையும் இரண்டு கை உமையையும் நேர் பாதியாகப் பிளந்து சேர்த்தால் வரும் கணக்கு அது. கணக்கு சரிதான், ஆனால் மூன்று கையோடு ஓர் உருவம் கண்ணுக்குக் கோணலாகத் தெரிய வேண்டுமே? தெரியவில்லை. ஈசன் பக்கத்துப் பின்கையில் மழு. முன்கை முழங்கையில் மடங்கிக் காற்றில் தங்கி நிற்கிறது. அது சாய்ந்துகொள்ள ஒரு காளை அங்கே இருந்திருக்க வேண்டும். காளை இப்போது இல்லை. இல்லாத காளையின் மேல் கை அத்தனை நிம்மதியாகச் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வினால்தான் இடுப்பு வளைகிறது. அந்த வளைவே மறுபக்கம் அம்மையின் இடுப்பாகிறது. ஈசன் பக்கம் ஆடை தொடையோடு நிற்க, அம்மை பக்கம் கணுக்கால்வரை இறங்குகிறது. இரண்டு ஆடையும் சந்திக்கும் இடத்தில் கண் எந்தத் தடுக்கலும் இல்லாமல் கடந்துவிடுகிறது. மூன்றாவது கையின் கோணல் ஏன் தெரியவில்லை என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் அந்தக் காளைதான். கையை எங்கே வைப்பது என்று சிற்பி தவித்திருக்க மாட்டார், அதற்கு ஒரு துணை கொடுத்துவிட்டார்.

இதைப் பார்க்க எனக்கு அரை மணிக்கு மேல் ஆனது. மற்ற செப்புத் திருமேனிகளைக் கடந்துதான் வந்தேன். அவற்றுக்கு எந்தக் குறையும் வைத்ததாக நான் நினைக்கவில்லை.

இந்த வகைப் பார்வைக்கு நான் அறிந்த பெரிய சாட்சி, எழும்பூருக்குள் கால் வைக்காத ஒருவர். பிரெஞ்சுச் சிற்பி ரோடின். திருவாலங்காட்டு நடராஜரின் புகைப்படங்கள் அவர் கைக்கு வந்தன. அவர் இந்தியாவுக்கு வந்ததில்லை, அந்தச் செம்பைத் தொட்டதில்லை, சுற்றி நடந்து பார்த்ததில்லை. அவர் கையில் இருந்தது சில படங்கள் மட்டுமே. அவற்றை வைத்துக்கொண்டு சிவ தாண்டவத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1917-ல் அவர் இறந்துபோனார், கட்டுரை 1921-ல் 'ஆர்ஸ் ஏசியாட்டிகா' என்ற வெளியீட்டில் வந்தது. படத்தை எப்படிப் பார்த்திருக்கிறார் என்பதுதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. முன்னாலிருந்து ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை, பிறகு வாய் தனியாக, கை தனியாக, கால் தனியாக. தன் வாழ்நாள் முழுக்கக் களிமண்ணில் தோளையும் தொடையையும் பிசைந்த கை அது. ஒரு கால் ஊன்றி மறு கால் தூக்கும்போது உடம்பில் எது எதைத் தாங்குகிறது என்பது அந்தக் கைக்குத் தெரியும். தத்துவ விளக்கம் அவருக்கு இரண்டாம்பட்சம். உடம்பிலிருந்து தொடங்கி அவர் தெய்வத்துக்குப் போகிறார்.

திருவாலங்காட்டு நடராஜருக்குத் திருவாசி இல்லை. விரிந்து பறக்கும் சடையும் இல்லை. எத்தனையோ நடராஜர்களில் நாம் முதலில் பார்ப்பது அந்த நெருப்பு வட்டத்தைத்தான். இங்கே அது போய்விட்டதால் உடம்பு மட்டும் நிற்கிறது. ரோடின் கண்ணுக்கு அகப்பட்டது அந்த உடம்பு. பாரிஸில் ஒரு கிழவர், சில காகிதப் படங்கள், எத்தனையோ மணி நேரம். எழும்பூரில் அந்தச் சிலைக்கு முன்னால் செல்ஃபி எடுத்துவிட்டு நகரும் பையனைப் பார்க்கும்போது, அவன் தோளைத் தொட்டு ரோடின் கதையைச் சொல்ல வேண்டும்போல இருக்கும். ஒரு பையனிடம் சொல்லியும் இருக்கிறேன். அவன் நின்று கேட்டான், கேட்டுவிட்டுத் தூக்கிய கால் பக்கமாகப் போய் எட்டிப் பார்த்தான்.

கில்மன் களைப்புக்குப் பெயர் வைத்ததோடு நிற்கவில்லை. கண்ணருகே பிடித்துப் பார்க்க ஒரு கையடக்கக் கூண்டையும் யோசித்தார். சுற்றியிருக்கிற வெளிச்சத்தையும் பக்கத்துப் பொருள்களையும் மறைத்து, ஒரே பொருளை மட்டும் காட்டும் சாதனம். அது ஊரெங்கும் பரவவில்லை. ஆனால் உள்ளங்கையைக் குவித்துக் கண்ணோரம் வைத்துக்கொண்டாலே அந்தப் பயன் கிடைக்கிறது. 1930-களில் ஆர்தர் மெல்டன் என்ற ஆய்வாளர், அருங்காட்சியகக் கூடத்துக்குள் நுழைகிறவர்களில் பெரும்பாலோர் வலப்பக்கம் திரும்புகிறார்கள் என்று கண்டார். அதைப் படித்த பிறகு நான் வேண்டுமென்றே இடப்பக்கம் திரும்புகிறேன். கூட்டம் குறைவு.

ஊரிலிருந்து ஒரு கேள்வியோடு போவது எல்லாவற்றையும்விட நல்லது. கில்மன் அந்த மனிதரிடம் கேள்விகளைக் கொடுத்துத்தானே அனுப்பினார்? எங்கள் பக்கத்தில் கேள்விக்குப் பஞ்சமில்லை. ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், வைகைக் கரையில், 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அதில் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோள் பூசலோடு தொடர்புடையது. மாட்டுக்காகச் செத்த ஒருவனுக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு கல். அந்தக் கல்லில் உருவம் கிடையாது, எழுத்து மட்டும்தான். பிற்கால நடுகற்களில் வீரன் வில்லும் வாளுமாக நிற்கிறான். எழுத்தாக இருந்தவன் எப்போது உருவமானான்? இந்தக் கேள்வியோடு போகிறவனுக்கு வழியில் எதிர்ப்படும் மற்றதெல்லாம் தானாக விலகிக்கொள்ளும்.

எங்கள் மலைக்கென்று ஒரு சின்ன அருங்காட்சியகம் மூணாறில் இருக்கிறது. நல்லதண்ணி எஸ்டேட்டில் 2004-ல் திறந்த தேயிலை அருங்காட்சியகம். அங்கே ஒரு கருங்கல் சூரியக் கடிகாரம், 1913-ல் நம் தென்பாண்டி நாட்டு நாசரேத்தின் தொழிற்பள்ளியில் செய்தது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலின் சக்கரம் ஒன்றும் இருக்கிறது. 1902-ல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி 1908-ல் குறுகிய இருப்புப் பாதையான அந்த ரயில், மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன்வரை தேயிலையைக் கொண்டுவந்தது. அங்கிருந்து ரோப்வேயில் பெட்டிகள் சுமார் 5 கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு இறங்கின. அப்புறம் மாட்டுவண்டி, போடி, உலகம். 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போனது. சக்கரத்துக்கு மூணாறில் ஓர் இடம் கிடைத்துவிட்டது. அந்தத் தேயிலை இறங்கிய எங்கள் சரிவுக்கு இன்னும் ஓர் அறைகூடக் கிடைக்கவில்லை. குரங்கணியில் ஒரு கூடம் வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பெரிதாக வேண்டாம். ரோப்வேயின் ஓர் இரும்புத் துண்டு, ஒரு தேயிலைப் பெட்டி, முதுவாக்குடிப் பெரியவர்கள் மனம் உவந்து கொடுக்கிற ஒரு கூடை, ஏலக்காய் வாட்டும் பழைய ஸ்டோரின் ஒரு தட்டு. ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம். மலையேற வருகிற பிள்ளைகள் அந்த ஐந்து நிமிஷத்துக்குப் பிறகு ஏறினால், தங்கள் தலைக்கு மேலே ஒரு காலத்தில் பெட்டிகள் போன பாதை அவர்களுக்குத் தெரியும்.

அதுவரைக்கும் எழும்பூர்தான். அடுத்த தடவை தங்கை மகளைக் கூட்டிப்போகிறேன், எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் வியாழக்கிழமை ராத்திரி வண்டி ஏறக்கூடாது என்பதை அவளே காலண்டரில் குறித்துவைத்திருக்கிறாள். இந்தமுறை ஆதிச்சநல்லூர் மட்டும். 1899-லிருந்து 1905-க்குள் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்தவற்றில் பிராணி உருவங்களை உச்சியில் வைத்து வார்த்த வெண்கல மூடிகள் இருக்கின்றன. அவற்றில் ஓர் எருமையும் உண்டு. அதன் கொம்பு எங்கள் கொட்டகுடி ஆற்றங்கரை எருமைகளின் கொம்பைப் போல வளைகிறதா, வேறு மாதிரியா என்று பார்த்து, நோட்டில் வரைந்துகொண்டு வர வேண்டும். கேள்வியைக் கேட்ட அன்றிலிருந்து அவள் ஆற்றங்கரைக்குப் போய் எருமைகளை வரைந்து பழகுகிறாள்.