பயிரை எழுதினேன், பிள்ளைகளை விட்டேன்

தஞ்சை மாவட்டத்தில் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வெண்ணாற்றுப் பாசனத்தில் உள்ள ஒரு கிராமத்துக்கு 1980-களின் பிற்பகுதியிலிருந்து பல வருடங்கள் பிறப்பு, இறப்புப் பதிவாளர் நான்தான். அந்தக் காலத்தில் வாய்க்காலுக்குத் தெற்கே, காலனியில் பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலோரை நான் பதிவு செய்யவில்லை. போய் விசாரிக்கக்கூட இல்லை. இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததை இப்போது எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் பிறப்பு, இறப்புப் பதிவேடு புதிதாக வந்ததும் இல்லை. சென்னை மாகாணத்துக்கான பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1899-இல் வந்தது. கிராமங்களில் முன்சீப்புகள் எழுதிவந்தார்கள். 1980 கடைசியில் எம்.ஜி.ஆர். அரசு முன்சீப், கர்ணம் பதவிகளை ஒழித்தது. அவர்கள் இடத்துக்கு வந்த எங்கள் கைக்கு அந்தப் பதிவேடும் வந்தது. கிராமக் கணக்கு எண் 19 என்போம். நாடு முழுவதற்குமான 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தில், வீட்டில் குழந்தை பிறந்தால் குடும்பத் தலைவர் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. நான் அந்தப் பிரிவை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வந்து சொன்னால் எழுதுவேன், சொல்லாதது அவர்கள் குற்றம் என்று இருந்தேன்.

அதே சட்டத்தின் 7-ஆவது பிரிவு வேறு சொல்கிறது. பதிவாளர் கட்டணமோ வெகுமதியோ வாங்காமல் எழுத வேண்டும். தன் எல்லைக்குள் நடக்கும் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் தானே முயன்று விசாரித்து அறிந்து பதிய வேண்டும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்தார்கள்.

விசாரித்து எழுதத் தெரியாதவனும் அல்ல நான். அடங்கல் என்ற பயிர்க் கணக்கை எழுத வயல் வயலாகப் போவேன். குறுவை எத்தனை, சம்பா எத்தனை, தாளடி எத்தனை, எந்த சர்வே எண்ணில் எந்த உட்பிரிவில் என்ன பயிர் என்று ஏர்ஸ் கணக்கில் எழுதுவேன். வரப்பு வழுக்கினாலும் போவேன். வருடாந்தரக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தியில் அடங்கலைப் புரட்டிப் பார்ப்பார்கள் என்ற பயம் இருந்தது. அந்த வயல்களில் நடவு நட்ட பெண்களில் யார் வயிற்றுப் பிள்ளைக்காரி என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். அடுத்த தடவை போகும்போது வரப்போரப் புளியமரத்தில் தூளி தொங்கும். தூளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பயிரை எழுதிவிட்டு வந்திருக்கிறேன். 'என்ன குழந்தை, எப்போது பிறந்தது?' என்று கேட்டதில்லை.

பெரிய தெருவில் குழந்தை பிறந்தால் தலையாரி வந்து சொல்வார். மறுநாளே பதிவேட்டோடு வீட்டுக்குப் போவேன். திண்ணையில் உட்காரவைத்து காபி கொடுப்பார்கள். பெயர் வைத்ததும் அதையும் சேர்த்து எழுதி, சான்றை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். கையில் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டேன். கேட்டு வாங்கியதில்லை என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். சட்டம் வெகுமதியையும் சேர்த்துத்தான் விலக்குகிறது.

காலனிக்காரர்கள் வரவில்லை என்று சொல்லத் தகுதி எனக்கு இல்லை. விடிவதற்குள் வேலைக்குப் போய் இருட்டித் திரும்புகிறவர்கள் அவர்கள். என் அலுவலகம் இருந்ததோ பெரிய தெருவில். அங்கே வந்து நிற்க அந்தக் காலத்தில் எத்தனை பேருக்கு மனம் வரும் என்று எனக்குத் தெரியும். பிரசவம் பார்த்த மருத்துவச்சியும் தகவல் சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்த அம்மாளிடம் வாரம் ஒரு முறை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பதிவேடு நிறைந்திருக்கும். பிறந்த சில நாளில் இறந்துபோன சிசுக்கள் பிறப்பிலும் இல்லை, இறப்பிலும் இல்லை. அவர்கள் வந்துபோனதற்கு அரசாங்கத்தில் எந்த எழுத்தும் கிடையாது.

இதன் பலன் இருபது வருடம் கழித்துத் தெரிந்தது. 1989 ஜனவரி 26 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்று கொடுத்தே ஆக வேண்டும் என்ற விதி 2016 டிசம்பர் வரை இருந்தது. அந்தக் காலத்தில் காலனியிலிருந்து ஓர் அம்மா, நான் மாற்றலாகிப் போயிருந்த ஊருக்கு என்னைத் தேடி வந்தார். மகனுக்கு சிங்கப்பூரில் வேலை சொல்லியிருந்தார்கள்.

“ராஜீவ் காந்தி செத்த சேதி வந்துச்சே, அன்னைக்கு விடியக்காலம் பொறந்தான் ஐயா. ஊரு பூரா கடை அடைச்சிட்டாங்க. மருத்துவச்சிக்கு வெத்தல பாக்கு வாங்கக்கூட கடை இல்ல. நீங்க எழுதியிருப்பீங்கல்ல?”

1991 மே 22. அந்தத் தாயின் நினைவில் தேதி அவ்வளவு சுத்தமாக இருந்தது. என் பதிவேட்டில் இல்லை. இல்லை என்று தெரிந்தும் நான் உண்மையைச் சொல்லவில்லை. “பழைய ரிக்கார்டெல்லாம் சார்பதிவாளர் ஆபீஸ்ல இருக்கும், போய்ப் பாருங்கம்மா” என்று அனுப்பிவிட்டேன். அவர் போய், தேட மனுப்போட்டு, பதிவு இல்லை என்று சான்று வாங்கி, வக்கீலைப் பிடித்து, நீதித்துறை நடுவர் உத்தரவுக்கு அலைந்தார். ஒவ்வொரு நாளும் கூலி போனது. காதுத் தோடு அடகுக்குப் போனது. உத்தரவு வருவதற்குள் வேலைக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். பதியாமல் விட்டதைவிட, அன்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மறைத்தது என்னை அதிகம் உறுத்துகிறது.

பிறந்த உடனே பதிவு பெறுவது குழந்தையின் உரிமை என்கிறது ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை. இந்தியா 1992 டிசம்பரில் அதில் சேர்ந்தது. அந்த வருடமும் நான் பெரிய தெருவோடு நின்றுகொண்டேன். இன்று பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. 2018 முதல் தமிழ்நாட்டில் பதிவு ஆன்லைனுக்கு வந்துவிட்டது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றே ஆதாரம். இந்த ஏற்பாட்டில் இன்று பிறக்கும் குழந்தை தப்பிவிடும். நான் விட்டவர்கள் இப்போது முப்பது, முப்பத்தைந்து வயதுக்காரர்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது என்னிடம் இருக்கிறது.

பதிவைத் தேடும்போது அப்பா ஊரில் மட்டும் தேடாதீர்கள். எங்கே பிறந்தோமோ அங்கேதான் பதிவு இருக்கும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் பலருக்கு அது அம்மா பிறந்த ஊராக இருக்கும். அங்கேயும் இல்லையென்றால், இல்லை என்பதை எழுத்தில் சான்றாகக் கேட்டு வாங்குங்கள். இப்போது கோர்ட் வரை போக வேண்டியதில்லை, கோட்டாட்சியர் உத்தரவு போதும். பள்ளிச் சான்று, பெற்றோர் ஆவணங்கள், நீங்கள் பிறந்ததை அறிந்தவர்களின் வாக்குமூலம் இவற்றோடு மனுக் கொடுங்கள்.

என் காலத்தில் அந்தக் கிராமத்தில் பிறந்தவர்கள் என் வாக்குமூலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். பதிவு இல்லாததற்குக் காரணம் பெற்றோரின் அலட்சியம் இல்லை, அப்போதைய பதிவாளரான நான் கடமையைச் செய்யாததுதான் என்று கையெழுத்திட்டுத் தருகிறேன். கோட்டாட்சியர் விசாரணைக்கு அழைத்தால் நேரில் வந்தும் சொல்கிறேன். அதற்காக என்மேல் நடவடிக்கை வந்தால் வரட்டும்.